மாப்பிள்ளைக்கு எண்ணிய மாதங்கள்

“மூணு மாசம் ஆவலைன்னா என்னா அர்த்தம்? நாள் நாளா எண்ணி உக்காந்திருந்தவ நானு. நேத்துப் பொறந்த புள்ளை வந்து எனக்குக் கணக்குச் சொல்லுதா?”

ரஹ்மத் நிஷா இதைச் சொன்னது தமிழில். சைகோன் விமான நிலையக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் தன் வயதைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று மட்டும் புரிந்துவிட்டது போலும். முகக்கவசத்துக்கு மேலே புருவம் ஏறியது.

“நீங்க செத்தச் சும்மா இருங்கக்கா, நாங் கேக்குறேன்,” என்று தாயம்மாள் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். தாயம்மாளின் வியட்நாமிய மொழி பென் தான் சந்தையில் படித்தது. அதை வைத்து விலை பேசலாம், வேறெதுவும் ஆகாது. எனவே அவள் விலைதான் பேசினாள். மூன்று நாள் குறைகிறது என்றால் ரொம்ப அதிகம், ஒரு நாளாக வைத்துக்கொள் என்றாள். அந்தப் பெண் தலையாட்டி மறுத்தாள். சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ஒன்றரை நாள் என்றாள் தாயம்மாள். பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

இத்தனை சத்தத்துக்கும் காரணமானவன் நிஷாவின் காலடியில், வலை ஜன்னல் வைத்த நீலப் பைக்குள் சுருண்டு படுத்திருந்தான். சாம்பல் நிறம், வெள்ளை மார்பு, ஐந்து வயது. பெயர் மாப்பிள்ளை.

பூனைக்கு யாராவது அப்படிப் பெயர் வைப்பார்களா என்று கேட்கலாம். வைத்தவர் நிஷாவின் கணவர் அபுல் ஹசன். காரைக்காலில் அவர்கள் குடும்பத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்க வேண்டும். அவருக்கென்று அறை, கட்டில், நேரத்துக்குச் சோறு. அபுல் ஹசனுக்கு ஒரே மகள், ஹமீதா பானு. அவளைக் கட்டிய கிதிர் முகம்மது கல்யாணமான ஆறாம் நாளே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குப் பறந்துவிட்டார். சைகோன் சந்து வீட்டில் அவருக்காக ஒழித்து வைத்த அறை அப்படியே கிடந்தது. ஒரு மழை நாளில் எங்கிருந்தோ நனைந்து வந்த பூனைக்குட்டி நேரே போய் அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தது. “வாங்க மாப்புள்ளை, இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?” என்றார் அபுல் ஹசன். பெயர் ஒட்டிக்கொண்டது. பாரிஸ் மருமகனுக்கு விஷயம் தெரிந்தபோது அவர் சிரிக்கவில்லை என்று கேள்வி.

அப்போதெல்லாம் நிஷாவுக்கு அந்தப் பூனையைக் கண்டாலே ஆகாது. மீன் ஆணத்தில் ரோமம் விழுகிறது, தொழுகைப் பாயில் படுக்கிறது என்று ஒரு நாளைக்கு நாலு தடவை விரட்டுவாள். அவர் வழக்கம்போல அதைத் தோளில் போட்டுக்கொண்டு துணிக்கடைக்குப் போய்விடுவார். அவருடைய வாப்பா காலத்துக் கடை. எழுபத்தைந்தில் இங்கே ஆட்சி மாறிய பிறகு மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போன குடும்பங்களில், தொண்ணூறுகளில் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். ஏன் வந்தார் என்று சந்தில் யாருக்கும் விளங்கியதில்லை. கடையில் லாபமும் இல்லை.

போன நவம்பரில், சட்டைத் துணி ஒன்றை அளந்து கிழிக்கும்போதே சாய்ந்துவிட்டார். மறுநாள் அடக்கம். அன்று தொடங்கி நிஷா இத்தா இருந்தாள். கணவன் மவுத்தானால் பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டும் அல்லவா, அதுதான். காரைக்காலாக இருந்தால் அந்த நான்கு மாதமும் வீடு நிறையப் பெண்கள் இருப்பார்கள். த்ருவோங் டின் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்து வீட்டில் ஒரு கட்டில், ஒரு சமையல் மேடை, ஒரு பூனை. அவ்வளவுதான்.

முதல் வாரம் சத்தமே இல்லை. இரண்டாம் வாரம் பேச்சுக் கேட்டது. சுவர் மெல்லிசு, காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்? “தின்னுங்கறேன், அவங்களும் இப்புடித்தான் தட்டைத் தள்ளி விடுவாங்க,” என்று ஒரு நாள். “நானும் ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லலை ஒங்கிட்ட, அவங்ககிட்டயும் சொல்லலை,” என்று இன்னொரு நாள். சந்தில் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் யாரும் சிரிக்கவில்லை.

பாரிஸிலிருந்து ஹமீதா தினமும் கூப்பிட்டாள். “உம்மா, அங்க தனியா யாரு இருக்கா? வாப்பாவோட குடியிருப்பு அட்டையை வச்சுத்தான் ஒங்க விசா. மார்ச்சு பதினஞ்சோட அது முடியுது. இங்க வந்துருங்க.”

“வர்றேன். மாப்புள்ளையைக் கூட்டிக்கிட்டு வர்றேன்.”

“பூனையையா?”

“ஒங்க வாப்பாவோடதுன்னு எங்கிட்ட வேற என்னா இருக்கு? கபுரைத் தோண்டியா எடுத்துக்கிட்டு வர முடியும்?”

அதற்குப் பிறகு ஹமீதா வாதாடவில்லை. விமானத்தின் அடியில் சாமானோடு ஏற்றுவதா என்று கேட்டதற்கு நிஷா போனை வைத்துவிட்டாள். கடைசியில், பயணியின் காலடியிலேயே வைத்துக்கொள்ள விடுவார்கள் என்று ஹமீதாவே கண்டுபிடித்தாள். பையும் பூனையுமாகச் சேர்ந்து எட்டுக் கிலோவைத் தாண்டக் கூடாது, ஓர் ஆளுக்கு ஒரு பூனை, அதற்குத் தனிக் கட்டணம். கழுத்துத் தோலுக்கடியில் அடையாள எண் உள்ள சில்லு வைக்க வேண்டும். பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, முப்பது நாள் கழித்து இரத்தம், அந்த இரத்தம் வெளிநாட்டுச் சோதனைச்சாலைக்குப் போய் முடிவு வர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துப் பயணம்.

இத்தாவில் இருப்பவள் கால்நடை மருத்துவரிடம் போக முடியாது. தாயம்மாள் போனாள். மாரியம்மன் கோயில் பக்கத்தில் அப்பளமும் மசாலாப் பொடியும் விற்கும் தாயம்மாளுக்கு வீட்டுவேலை என்று எதுவும் கிடையாது, ஊர்வேலைதான். பூனையைக் கூடையில் போட்டு, மோட்டார் சைக்கிள் வாடகைக்காரன் பின்னால் உட்கார்ந்து போய் வந்தாள். கையில் ஏழு கீறல். சந்து முழுக்க அந்த ஏழையும் காட்டினாள். காகிதங்களை நிரப்பியது மார்செல். அவர் அப்பா புதுச்சேரிக்காரர், அம்மா இந்த ஊர். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பெண்டாட்டி போய்ப் பன்னிரண்டு வருஷம். வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கதவுக்கு உள்ளேயிருந்து நிஷா சொல்வதைக் கேட்டு எழுதுவார். அந்த நாற்காலிக்குத் தாயம்மாள் காப்பி கொண்டுபோய் வைத்த எண்ணிக்கையைச் சந்து கவனிக்காமல் இல்லை. அது பின்னால் ஆகட்டும்.

நிஷாவுக்கும் வேலை இருந்தது. மாப்பிள்ளையின் சோற்றைப் பாதியாக்கினாள். பையைத் திறந்து வைத்து, அதற்குள்தான் தட்டை வைப்பாள். முதலில் தலையை மட்டும் நுழைத்தவன், ஒரு மாதத்தில் உள்ளேயே தூங்கப் பழகினான். பிறகு ஜிப்பைப் போட்டு, ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், ஒரு மணி நேரம் என்று தன் காலடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். பதின்மூன்று மணி நேரப் பயணத்துக்கு ஒத்திகை. மார்செல் கொடுத்த மீன் தராசில் வெள்ளிக்கிழமை தோறும் பையோடு நிறுத்தாள். எட்டே முக்கால் கிலோவில் தொடங்கி ஏழு கிலோ தொள்ளாயிரத்துக்கு இறக்கினாள். தானும் கூடவே இளைத்தாள், அதை நிறுக்க யாரும் இல்லை.

இவ்வளவும் செய்தவளுக்கு எங்கே சறுக்கியது என்றுதான் இப்போது கவுண்டர் முன்னால் யாருக்கும் பிடிபடவில்லை.

மார்செல் கண்ணாடியை மூக்கில் ஏற்றி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். “இரத்தம் எடுத்தது டிசம்பர் பதினேழு. இன்னிக்கு மார்ச் பதினாலு.” விரலை மடக்கினார். “மதாம், பதினேழு ஆகணுமே. மூணு நாள் குறையுதே.”

“எங்க குறையுது? முகைதீன் ஆண்டவர் மாசம் பிறை பத்தொம்பதுல இரத்தம் எடுத்தாங்க. இன்னிக்கு ரஜபு மாசம் பிறை பத்தொம்பது. முழுசா மூணு மாசம். நேத்தோட என் இத்தாவும் முடிஞ்சிச்சு, ரெண்டையும் ஒரே காலண்டர்லதானே எண்ணுனேன்!”

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாய் மட்டும் நிற்காமல் வாக்கியத்தை முடித்தது.

காரைக்காலிலிருந்து வருஷா வருஷம் வரும் காலண்டர் அது. பிறை பெரிய எழுத்தில், ஆங்கிலத் தேதி மூலையில் எறும்பு மாதிரி. டிசம்பரில் தாயம்மாள் வாசலில் நின்று, “டாக்டரு மூணு மாசம்னு சொல்லிட்டாருங்கக்கா,” என்றபோது, நிஷா பென்சிலை எடுத்தாள். இத்தா நாட்களுக்குக் கோடு போட்டுக்கொண்டு வந்த அதே பென்சில். மாதம் என்றால் பிறையிலிருந்து பிறை. நோன்பு அப்படித்தான், ஹஜ்ஜு அப்படித்தான், பெண் காத்திருப்பதும் அப்படித்தான். பூனை காத்திருப்பது மட்டும் வேறு மாதிரி என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மருமகன் போனில் கேட்டார், மூணு மாசம் ஆயிடுமா என்று. ஆயிடும் என்றாள். அவர் பதினாலாம் தேதிக்கு டிக்கெட் போட்டார். மார்செல் கேட்டார். ஆயிடும் முசியே என்றாள். நான்கு மாதம் ஒரு நாள் பிசகாமல் எண்ணிக்கொண்டிருப்பவளிடம் போய் மறுபடி எண்ணிப் பார் என்று யார் சொல்வார்கள்?

“அவகிட்டச் சொல்லுங்க முசியே,” என்றாள் நிஷா. குரல் இறங்கிவிட்டது. “பிறைக் கணக்குல முடிஞ்சிச்சுன்னு சொல்லுங்க. பொய் சொல்லலைன்னு சொல்லுங்க.”

மார்செல் சொன்னார். அவர் வியட்நாமிய மொழி அழகானது, வாத்தியார் மொழி. அந்தப் பெண் கடைசி வரை கேட்டாள். மரியாதையாகவே கேட்டாள். சந்திரனைப் பார்த்து எண்ணுவது அவளுக்கும் தெரியும், அவள் பாட்டன் பாட்டி எல்லாரும் அப்படித்தான் தேத் என்னும் புத்தாண்டுப் பண்டிகை கொண்டாடுகிறார்கள். ஆனால் பாரிஸில் பூனையை இறக்கினால் அங்கே பிடித்து வைத்துவிடுவார்கள், திருப்பி அனுப்புவார்கள், அதற்கும் ஒன்றும் வழியில்லாவிட்டால்... அவள் முடிக்கவில்லை. பெரியம்மா மட்டும் ஏறலாம், பூனை பதினேழாம் தேதி ஏறலாம் என்றாள்.

“சரி, பதினேழாந்தேதி ஏறுறேன். மூணு நாள்தானே?” என்று நிஷா பையைத் தூக்கப் போனாள்.

“விசா நாளையோட முடியுதுங்கக்கா,” என்றாள் தாயம்மாள். இந்த ஒரு தடவையாவது அவள் மெதுவாகப் பேசினாள்.

“அபராதம் கட்டிட்டா? நான் பேசிப் பாக்கறேன்,” என்றார் மார்செல். “வீட்டுச் சாவி?”

சாவியை நேற்றே வீட்டுக்காரரிடம் கொடுத்தாயிற்று. கட்டிலைப் பழைய சாமான்காரன் தூக்கிப் போய்விட்டான்.

“என் ரூம்புல மூணு நாளு படுத்துக்கிருங்க, என்ன இப்ப? ஒரு பாய் விரிச்சா முடிஞ்சுபோச்சு,” என்றாள் தாயம்மாள்.

நிஷா சரியென்று தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஹமீதா. மார்செல் விஷயத்தைச் சொல்வதற்குள் அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“உம்மா, பூனையை விட்டுட்டு ஏறுங்க. இங்க எல்லாத்தையும் மூடப் போறாங்கன்னு பேசிக்கறாங்க. சீக்கு பரவுது. கடை காலியாக் கெடக்கு. மூணு நாள் கழிச்சு விமானமே இருக்காதும்மா.”

“மூணு நாள்ல என்னா புள்ளை ஆயிடப் போவுது?”

“வாப்பா மவுத்துக்கும் நான் வரலை. நீங்களும் அங்க தனியா... நான் என்னா செய்வேன்? சொல்லுங்க, நான் என்னா செய்வேன்?”

பின்னாலிருந்து கிதிர் முகம்மதின் குரல் கேட்டது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நிஷாவுக்கு வசதியாக இருந்திருக்கும். “மாமி, நான் சத்தியமாச் சொல்றேன், அதைக் கொண்டாந்து சேக்கறது என் பொறுப்பு. நீங்க இன்னிக்கு ஏறுங்க,” என்றார். பூனை என்றோ, மாப்பிள்ளை என்றோ அவர் சொல்லவில்லை. ‘அதை’ என்றார்.

கவுண்டர் பெண் நேரத்தைக் காட்டினாள். வரிசை வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. நிஷா தரையில் உட்கார்ந்தாள். விமான நிலையத்தின் பளிங்குத் தரையில், சாமான் வண்டிகளுக்கு நடுவே, கறுப்புப் புர்கா அணிந்த அறுபத்தொரு வயதுப் பெண்மணி கால் நீட்டி உட்கார்ந்ததைப் பார்த்து நாலு பேர் ஒதுங்கி நடந்தார்கள். ஜிப்பைத் திறந்தாள். மாப்பிள்ளை தலையை நீட்டி, வந்துவிட்டோமா என்பதுபோலப் பார்த்தான். அவன் கொட்டாவி விட்டான். ஒத்திகை நன்றாகவே நடந்திருந்தது, அதுதான் அநியாயம். ஒரு கத்தல் இல்லை, ஒரு பிராண்டல் இல்லை. பாரிஸ் வரை அப்படியே போயிருப்பான்.

“நானே எண்ணுனேன்,” என்றாள் நிஷா அவனிடம். “வேற யாரு எண்ணியிருந்தாலும் ஒன்னை ஏத்தியிருப்பாங்க.”

தாயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மார்செல் பக்கத்தில் குனிந்து, முழங்கால் வலிக்க ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். “மதாம், எனக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கு. ஏப்ரல்ல என் தங்கச்சி ஏவ்லினைப் பாக்கத் துலூஸ் போறேன். நானே கொண்டுவரேன். காலடியிலயே வச்சுக் கொண்டுவரேன்.”

நிஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. ஒரு மனுஷன் கண்ணெதிரே அப்படிச் சொல்லும்போது நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? ஜிப்பை இழுத்து மூடினாள். ஒரு பக்கம் சிக்கியது. ரோமத்தை விலக்கிவிட்டு மறுபடி மூடினாள். பிறகு பையை அவர் கையில் கொடுக்காமல் அவர் முன்னால் தரையில் தள்ளிவிட்டு, எழுந்து, திரும்பாமல் நடந்தாள். சோதனை வாசலுக்குப் போகும் வரை கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டு நடந்தாள். பை தொங்க வேண்டிய கை.

உள்ளே நடந்ததை அவளே பிற்பாடு தாயம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். பூனைக்குக் கட்டிய கட்டணத்தைத் திருப்பி வாங்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. முன் இருக்கைக்கு அடியில் அந்த இடம் காலியாக இருந்தது. பதின்மூன்று மணி நேரமும் காலை அங்கே நீட்டவில்லை. பணிப்பெண் வந்து, வசதியாகக் காலை நீட்டிக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினாளாம். இவள் இன்னும் மடக்கிக்கொண்டாள். இறங்கும்போது பாதம் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

பதினேழாம் தேதி வந்தது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பிரான்சில் எல்லாரையும் வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டார்கள். நான்கு மாதம் பத்து நாள் அடைந்து கிடந்துவிட்டு வந்தவள் மறுபடி அடைந்தாள், இந்தத் தடவை எத்தனை நாள் என்று எண்ணுவதற்குக் கணக்கும் கிடையாது. இங்கே சைகோனில் வானம் சத்தமற்றுப் போனது. மார்செலின் ஏப்ரல் டிக்கெட் மே ஆனது, மே ஆகஸ்டு ஆனது, பிறகு டிக்கெட்டே இல்லை என்றார்கள். கிதிர் முகம்மது வாக்குத் தவறவில்லை, பாவம், வாரா வாரம் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டார். யாராவது எடுத்தால்தானே.

மாப்பிள்ளை மார்செல் வீட்டில் இருந்தான். முதல் பத்து நாள் பைக்குள்ளேயே இருந்தான், சோறு வைத்தாலும் அங்கேதான். நிஷா வீடியோவில் கூப்பிடுவாள். “மாப்புள்ளை, தின்னியா?” என்பாள். போனிலிருந்து குரல் வந்தால் அவன் போனின் பின்பக்கம் போய்த் தேடுவான். மூன்றாம் மாதம் தேடுவதை விட்டான். அதைத் தாயம்மாள் வாய் தவறி நிஷாவிடம் சொல்லிவிட்டாள். அந்த வாய்க்கு அடங்கத் தெரியாது. நிஷா அதற்குப் பிறகு வீடியோ கேட்கவில்லை, போட்டோ போதும் என்றாள்.

அடுத்த வருஷம் ஆடி வாக்கில் சைகோன் மொத்தத்தையும் அடைத்தார்கள். சந்து வாசலில் கம்பி கட்டினார்கள். மார்செலுக்குக் காய்ச்சல் கண்டது. வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து கையோடு தூக்கிப் போனார்கள். சட்டை மாற்றக்கூட விடவில்லை, பூனை இருக்கிறது என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தாயம்மாள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கத்திப் பார்த்தாள். ஐந்தாம் நாள் ஒரு காவலாளிக்குச் சிகரெட் பெட்டி கொடுத்துக் கதவைத் திறக்கச் செய்தாள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. தண்ணீர்ச் சட்டி காய்ந்திருந்தது. அவ்வளவுதான். சந்து சந்தாகத் தேடக் கம்பி விடவில்லை. கம்பி எடுத்த பிறகு தேடினாள், கோயில் பின்புறம், சந்தை, கால்வாய்க் கரை என்று. அந்த வருஷம் சைகோனில் காணாமல் போனவர்களைப் பற்றியே கேட்க ஆளில்லை.

மார்செல் இருபத்து மூன்று நாள் கழித்துப் பிழைத்து வந்தார், பாதி ஆளாக. நிஷாவிடம் யார் சொல்வது என்று இரண்டு பேரும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். கடைசியில் சொல்லவில்லை. போனில் சேர்த்து வைத்திருந்த பழைய போட்டோக்களை ஞாயிற்றுக்கிழமை தோறும் தாயம்மாள் ஒவ்வொன்றாக அனுப்பினாள். நிஷா ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் எழுதுவாள்: “இளைச்சிருக்கான். சோறு வைங்க.” அவளுக்குத் தெரியும் என்று ஹமீதா சொல்கிறாள். தெரியாது என்று தாயம்மாள் சத்தியம் செய்கிறாள். ஒரே போட்டோ தவறிப்போய் இரண்டாம் முறை போனபோதும் அதே பதில்தான் வந்தது, அதனால் சந்து ஹமீதா பக்கம்.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கிய மாதத்தில் தாயம்மாளும் மார்செலும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவளுக்கு ஐம்பத்து நாலு, அவருக்கு அறுபத்தெட்டு. அப்பளக் கடையை ராக்கம்மை என்ற சிவகங்கைக்காரிக்கு விட்டுவிட்டு, இருவரும் துலூஸில் ஏவ்லின் வீட்டு மாடிக்குக் குடிபோனார்கள். போகிற வழியில் பாரிஸில் ஒரு நாள் தங்கினார்கள். கிதிர் முகம்மதும் ஹமீதாவும் பூச்செண்டோடு விமான நிலையத்துக்கு வந்திருந்தார்கள். இவர்கள் கையில் நீலப் பை இல்லாததைப் பார்த்தார்கள், பூனை எங்கே என்று கேட்கவில்லை. உம்மாவுக்கு முழங்கால் வலி, வரமுடியவில்லை என்றாள் ஹமீதா.